பிள்ளைகளோடு வேதம் வாசிப்பது: கொங்கு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் கோயில் வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று பேசுவோம். பிள்ளைகள் ஒருபக்கம் ஓடிப்பிடித்து விளையாடும். இந்தக் கேள்விகள் எல்லாம் அங்கேதான் வரும். ஓய்வுநாள் பள்ளியில் சிறுபிள்ளைகள் வகுப்பை 11 வருடமாக எடுத்து வருகிறேன் என்பதால் தாய்மார்கள் என்னிடம் கேட்கிறார்கள். அப்பாக்களும் கேட்பதுண்டு, வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே. என் வீட்டிலும் 8 வயதில் ஒரு மகள், 4 வயதில் ஒரு மகன். அதனால் கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து செய்து பார்த்ததுதான்.

என் மனதிலிருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேதம் வாசிக்கிற நேரத்தில் பிள்ளை திட்டு வாங்கக் கூடாது. மற்றதெல்லாம் அப்புறம்.

பாப்பாவுக்கு ரெண்டு வயசுதானுங்க ஆகுது. இப்பவே வாசிக்கலாமுங்களா?

வாசிக்கலாம். இந்த வயதில் பிள்ளைக்குக் கதை ஏறாது, குரல் ஏறும். அம்மா மடியில் சாய்ந்திருக்கும்போது அவள் நெஞ்சுக்குள்ளிருந்து வரும் சத்தம் ஏறும். அதுவே போதும்.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், நீ பரிசுத்த வேத எழுத்துக்களைச் சிறுவயதுமுதல் அறிந்தவன் என்கிறார். அந்தச் 'சிறுவயது' என்ற இடத்தில் மூலக் கிரேக்கத்தில் இருப்பது கைக்குழந்தையைக் குறிக்கும் சொல். முன்னணையில் கிடத்தியிருந்த இயேசு பாலகனை லூக்கா சொல்லும்போதும் அதே சொல்தான். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து தொட்டில் பிள்ளைக்கு வாசிப்பது எனக்கு வீண் வேலையாகத் தோன்றியதே இல்லை.

எவ்வளவு நேரம் வாசிக்கணும்?

வயதுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு வயதுக்கு நாலு நிமிடம், எட்டு வயதுக்கு எட்டு. இரண்டு பேரும் இருந்தால் சின்னதின் கணக்குத்தான். பெரியது இன்னும் கேட்க ஆசைப்பட்டால் சின்னது தூங்கின பிறகு வாசியுங்கள். எங்கள் பெரியவளுக்கு அந்த இரண்டாவது வாசிப்பு ஒரு பெருமை.

வீட்டுக்காரர் ஷிஃப்ட்டுக்குப் போறாருங்க. எல்லாரும் சேர்ந்து உட்கார நேரமே கிடைக்கறதில்லை.

எங்கள் பக்கத்துக்கு இது பெரிய கேள்வி. சோமனூர், பல்லடம் பக்கம் போனால் வீட்டோடு ஒட்டித் தறி ஓடுகிறது. திருப்பூரில் ஆர்டர் வந்துவிட்டால் பனியன் கம்பெனியிலிருந்து ராத்திரி எத்தனை மணிக்கு வருவார் என்று யாருக்கும் தெரியாது. 'தினமும் இரவு 8 மணிக்குக் குடும்ப ஜெபம்' என்ற ஒழுங்கு இந்த வீடுகளில் நடக்காது. அதற்காகக் குற்ற உணர்ச்சியோடு வருகிற அம்மாக்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

உபாகமம் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கர்த்தருடைய வார்த்தைகளைப் பிள்ளைகளிடம் எப்போது பேசச் சொல்கிறது? வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும். நாலு வேளை சொல்லியிருக்கிறது. இந்த நாலில் உங்கள் வீட்டுக்கு எது வாய்க்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபையில் ஒரு குடும்பம். அப்பா ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருக்கும். அம்மா வாசப்படியில் உட்கார்ந்து மகளுக்குச் சடை பின்னுவாள். அந்தச் சடை முடிவதற்குள் அப்பா கீழ்ப்படியில் உட்கார்ந்து வாசித்து விடுவார். தலைமுடியிலும் சட்டையிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அதைத் தட்டக்கூட மாட்டார், ரிப்பன் கட்டுவதற்குள் முடிக்க வேண்டுமே. நாலு வசனம், சில நாள் இரண்டு. அவர் தூங்கப் போவார், பிள்ளைகள் வேனில் ஏறும்.

வழியில் நடக்கிறபோது என்பதையும் விட்டுவிடாதீர்கள். முதலாம் சங்கீதத்தில் நீர்க்கால்களின் ஓரமாய் நடப்பட்ட மரம் வருகிறது. ஈரோட்டுப் பக்கம் இருப்பவர்கள் அதை வீட்டுக்குள் உட்கார்ந்து விளக்க வேண்டியதே இல்லை. காலிங்கராயன் வாய்க்காலை 13-ஆம் நூற்றாண்டில் வெட்டினார்கள். இன்னும் தண்ணீர் ஓடுகிறது, கரையில் தென்னை நிற்கிறது. மே மாதம் வண்டியில் போகும்போது வாய்க்கால் ஓரத்து மரத்தையும் மேட்டுக்காட்டில் காய்ந்து நிற்கும் மரத்தையும் பிள்ளைக்குக் காட்டுங்கள். 'இலையுதிராதிருக்கிற மரம்' அப்போதே புரிந்துவிடும்.

ஆதியாகமத்தில இருந்தே ஆரம்பிக்கலாமுங்களா?

புத்தாண்டு ஆராதனை முடிந்து வந்த வேகத்தில் ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திறக்கிற வீடுகள் நிறைய. யோசேப்பு கதை வரைக்கும் நன்றாகப் போகும். மோசே செங்கடலைக் கடந்ததும் வழிபாட்டுக்கான ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வரும், பிள்ளைகள் நெளியும், அங்கேயே புத்தகம் மூடிவிடும். அடுத்த ஜனவரி மறுபடி முதல் அதிகாரம். நாங்களும் இரண்டு வருடம் இப்படி நின்று போனோம்.

மாற்கிலிருந்து ஆரம்பியுங்கள் என்பதுதான் என் யோசனை. நாலு சுவிசேஷங்களில் சிறியது அதுதான், 16 அதிகாரம். ஏறக்குறைய 680 வசனம். நாளுக்கு 10 என்றால் 70 நாளுக்குள் முடிந்துவிடும். ஒரு புத்தகத்தை முழுதாக முடித்தோம் என்ற சந்தோஷம் பிள்ளைகளுக்குப் பெரிது. முடிக்கிற அன்றைக்கு எங்கள் வீட்டில் கச்சாயம் சுடுவோம்.

மாற்கு வேகமாக நடக்கிற புத்தகம். 'உடனே' 'உடனே' என்று வந்துகொண்டே இருக்கும். கூரையைப் பிரித்து ஒருவனைக் கட்டிலோடு இறக்குவார்கள், பன்றிக்கூட்டம் கடலில் பாயும், யவீருவின் மகள் எழுந்திருப்பாள். அவளுக்கு 12 வயது என்பதையும், எழுந்தவுடன் அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார் என்பதையும் மாற்கு விடாமல் எழுதி வைத்திருக்கிறார். அந்த இடம் வந்ததும் என் மகன், 'என்ன சாப்பிட்டா?' என்று கேட்டான். தெரியாது சாமி, எழுதியில்லை என்றேன். அவனாகவே தக்காளி சாதம் என்று முடிவு செய்துகொண்டான்.

டிசம்பரில் லூக்காவை நாளுக்கு ஓர் அதிகாரமாக வாசித்து 24-ஆம் தேதி முடிப்பது நல்ல பழக்கம். ஆனால் முதல் அதிகாரமே 80 வசனம். சிறுபிள்ளைகள் இருந்தால் அதிகாரத்துக்கு ஒரு சம்பவம் எடுத்தால் போதும். நீதிமொழிகள் 31 அதிகாரம், தேதிக்கு ஒன்று என்று சிலர் வாசிப்பார்கள். பெரியவர்களுக்கு அது சரி. 5-ஆம் அதிகாரமும் 7-ஆம் அதிகாரமும் ஏழு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம்.

இன்னொன்று. அதிகாரப் பிரிவுகள் ஏறக்குறைய 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. நாம் இன்று பார்க்கிற வசன எண்கள் புதிய ஏற்பாட்டுக்கு 1551-இல் வந்தன. எழுதினவர்கள் எண் போட்டு எழுதவில்லை. அதனால் அதிகாரம் முடிகிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும் என்று ஒன்றுமில்லை. கதை எங்கே மூச்சு விடுகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

பழைய தமிழ் எங்களுக்கே புரியறதில்லை, குழந்தைகளுக்கு எப்படிங்க புரியும்?

நம் கோயில்களில் 'கர்த்தர்' என்று வாசிக்கிற வேதாகமம் பெரும்பாலும் ஹென்றி பவர் ஐயர் தலைமையில் ஒரு குழு திருத்தி 1871-இல் முடித்த மொழிபெயர்ப்பு. அதற்கும் முன்னால் சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழைக் கற்று, 1715-க்குள் புதிய ஏற்பாட்டை முழுதாக அச்சில் கொண்டுவந்தார். இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். இத்தனை பழைய வழியில் வந்த நடை, அதனால் கொஞ்சம் முரடாகத்தான் இருக்கும்.

நான் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். முதலில் எளிய தமிழ்ப் பதிப்பிலோ, 1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பிலோ கதையை வாசிப்போம். பிறகு ஒரே ஒரு வசனத்தைப் பழைய நடையில். 23-ஆம் சங்கீதத்தைத் திருவிவிலியம் 'ஆண்டவரே என் ஆயர்; எனக்கேதும் குறையில்லை' என்கிறது. பழையதில் 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்'. என் மகள் 'தாழ்ச்சின்னா என்னங்கம்மா, தாழ்ப்பாளா?' என்றாள். குறைவு கண்ணு, ஒண்ணும் இல்லாமப் போறது என்றேன். இரண்டு நாள் கழித்து டிபன் பாக்ஸைத் திறந்து காட்டி, 'பாருங்கம்மா, தாழ்ச்சியா இருக்குது' என்றாள். சோறு குறைவாக வைத்திருந்தேன். பழைய சொல் ஒன்று பிள்ளை வாய்க்கு வந்துவிட்டது. அதை இழக்க எனக்கு மனமில்லை. பாட்டி சாகிற நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்த வசனமும் பேத்தி படிக்கிற வசனமும் ஒரே வார்த்தைகளில் இருப்பதில் ஓர் ஆறுதல் இருக்கிறது.

கடினமான சொல் வந்தால் ஊரில் தேடுங்கள், கிடைக்கும். 'ஆயக்காரன்' யார் என்று கோயம்புத்தூர்ப் பிள்ளை கேட்டால், சுங்கம் பஸ் ஸ்டாப் தெரியுமல்லவா, சுங்கம் என்றால் வரி, அந்த வரியை வசூல் பண்ணுகிறவர்தான் ஆயக்காரர் என்று சொல்லலாம். புளித்த மாவு உவமையை ராத்திரி மாவு கரைத்து வைக்கும்போது வாசியுங்கள். குண்டாவில் எதுவரை இருக்கிறது என்று பிள்ளையையே விரலால் காட்டச் சொல்லுங்கள். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிற மாவைப் பார்த்தபின் நீங்கள் விளக்கம் சொல்லவே வேண்டாம்.

பையன் இங்கிலீஷ் மீடியம். தமிழ் வாசிக்கவே வராது. இங்கிலீஷ் பைபிளே வாங்கிக் கொடுத்துடலாமுங்களா?

தனியாக வாசிக்க வேண்டுமானால் கொடுங்கள். குடும்பமாக வாசிக்கும்போது தமிழே இருக்கட்டும். அவன் அம்மாவிடம் அழுவதும் கொஞ்சுவதும் தமிழில்தான். ஜெபமும் அந்த மொழியில் வரட்டும்.

வாசிக்க வராது என்பதற்கு ஒரு வழி. பெரிய எழுத்துப் பதிப்பு ஒன்று வாங்குங்கள். நீங்கள் வாசிக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து வரியோடு நகர்த்துங்கள். தினமும் ஒரு சொல் மட்டும் அவன் வாசிக்கட்டும். 'இயேசு' என்ற சொல் வரும்போதெல்லாம் நீங்கள் நிறுத்துங்கள், அவன் சொல்லட்டும். அடுத்த மாதம் 'அவர்', பிறகு 'சீஷர்கள்'. லண்டன் மிஷன்காரர்கள் 1830-இல் கோயம்புத்தூரில் வேலையைத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்தப் பக்கம் கோயிலும் பள்ளிக்கூடமும் சேர்ந்துதான் வளர்ந்தன. வேதப்புத்தகத்தை வைத்தே எழுத்துக் கூட்டக் கற்ற பாட்டிகள் நம் சபைகளில் இன்றும் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், எந்தப் பக்கத்தில் கற்றார்கள் என்றுகூடச் சொல்வார்கள்.

உட்காரவே மாட்டேங்கறான். அடிச்சுத்தான் உட்கார வைக்க வேண்டியிருக்குது.

அடிக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் சின்ன வகுப்பு எடுக்கத் தொடங்கிய காலத்தில், வேதப்புத்தகத்தைக் கையில் எடுத்தாலே முகம் சுருங்கிப்போகிற ஒரு பையன் இருந்தான். ஆறு வயது. விசாரித்தபோது, வீட்டில் குடும்ப ஜெபத்தின்போதுதான் அன்றைக்குச் செய்த தப்பையெல்லாம் எடுப்பார்கள் என்று தெரிந்தது. பத்துக் கட்டளையை வாசித்துவிட்டு, 'நீ இன்னைக்கு என்ன பண்ணினே?' என்று கேட்பது. ஜெபத்திலும், 'ஆண்டவரே, இவனுக்கு நல்ல புத்தி கொடும்' என்று அவன் காதுபட ஜெபிப்பது. அந்தப் பெற்றோருக்குப் பிள்ளைமேல் உயிர். நல்லதென்று நினைத்துத்தான் செய்தார்கள். ஆனால் அந்தக் கறுப்பு அட்டைப் புத்தகம் அவனுக்குப் பிரம்பு மாதிரி ஆகிவிட்டது. அவர்களிடம் பேசி, கண்டிக்கிறதைச் சாயங்காலமே முடித்துவிடச் சொன்னேன். ஜெபத்தில் அவனைப் பற்றி நன்றி மட்டும் சொல்லச் சொன்னேன். முகம் தெளிய ஒரு வருடம் ஆயிற்று.

உட்காராத பிள்ளை படுத்துக்கொண்டு கேட்கட்டும். கையில் கலர் பென்சில் கொடுங்கள். கதையில் வருகிற ஆட்டை வரையட்டும். என் மகன் சோபாவுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் முதல் ஆறு மாதம் கேட்டான். கேட்கவில்லை என்று நினைத்தேன். ஒரு நாள் ஒரு பெயரைத் தப்பாக வாசித்தேன், பின்னாலிருந்து திருத்தினான்.

குழந்தை கேக்கற கேள்விக்குப் பதில் தெரியலைனா என்னங்க பண்றது?

தெரியவில்லை என்று சொல்லுங்கள். பிறகு சேர்ந்து தேடுங்கள்.

போன வருடம் பள்ளி லீவில் காங்கயம் பக்கம் என் அப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். அவருக்குக் கொறங்காடு உண்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: உழுது பயிர் வைக்காமல் மேய்ச்சலுக்கென்றே விட்ட காடு. சுற்றிலும் கிளுவை முள்வேலி, நடுவே வெள்ளவேல மரங்கள், மழை பெய்தால் கொழுக்கட்டைப் புல். மாடும் செம்மறியும் அதற்குள் மேயும். அன்றைக்குப் பொழுதோட திண்ணையில் உட்கார்ந்து லூக்கா 15-ஐ வாசித்தேன். நூறு ஆட்டில் ஒன்று காணாமல் போகிறது. 99 ஆட்டையும் வனாந்தரத்திலே விட்டு, மேய்ப்பன் அதைத் தேடிப் போகிறான்.

மகள் நிறுத்தினாள். 'அம்மா, மத்த ஆட்டையெல்லாம் அப்படியே உட்டுட்டுப் போனா நாய் புடிச்சுராதுங்களா?'

காங்கயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்க்கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போடுகிற கொடுமை இப்போது அடிக்கடி நடக்கிறது. விவசாயிகள் நஷ்டஈடு கேட்டுப் போராடியதெல்லாம் செய்தியில் வந்தது. பிள்ளை அதைக் கேட்டு வளர்கிறாள். ஓய்வுநாள் பள்ளியில் அந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், அட்டையில் ஆடு ஒட்டியிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை. தெரியலையே கண்ணு, அப்புச்சியைக் கேப்பமா என்றேன்.

என் அப்பா கிறிஸ்தவர் இல்லை. நான்தான் கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் எடுத்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பேத்தி போய்க் கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: 'புடிக்குமுன்னு பயந்தான் சாமி இருக்கும். ஆனா ஒண்ணு காங்கலைன்னா படுக்க முடியாது. மீதி நிக்கிற ஆட்டை எண்ணிப் பாத்துட்டே இருந்தா ஒண்ணு கொறையிறதுதான் தெரியும். போகாம இருக்க முடியாது.' வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, ஒரு கிடாக்குட்டி காணாமல் போன ராத்திரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். டார்ச் அடித்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கிப் போனது, குட்டி கத்துகிற சத்தம் கேட்டு முள்ளில் கை வைத்தது, தோளில் போட்டுக்கொண்டு வந்தது. லூக்காவிலும் மேய்ப்பன் அதைத் தோளின்மேல்தான் போட்டுக்கொண்டு வருகிறான். அந்த உவமைக்கு நான் கேட்ட விளக்கங்களில் இதற்குப் பக்கத்தில் வரக்கூடியது ஒன்றுமில்லை.

பிள்ளைகள் கேட்பதை வேதமே எதிர்பார்க்கிறது. யாத்திராகமம் 12-இல், எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையை ஏற்படுத்தும்போதே, இதன் கருத்து என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள் என்று வருகிறது. யூத வீடுகளில் இன்றும் பஸ்கா இரவில் வீட்டின் கடைசிப் பிள்ளைதான் கேள்வி கேட்டுத் தொடங்கி வைக்கும். இயேசு 12 வயதில் தேவாலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து என்ன செய்தார்? அவர்கள் பேசுவதைக் கேட்டார், அவர்களை வினாவினார். ஆகவே 'வாயை மூடிட்டுக் கேளு' என்பதை இந்த ஒரு நேரத்தில் மட்டுமாவது விட்டுவிடுவோம்.

கொலை, பலி, வெள்ளம் எல்லாம் வருதுங்களே. அதையும் வாசிக்கலாமா?

வேதத்தை மறைக்க வேண்டியதில்லை, வயது பார்க்க வேண்டும். தாவீது கோலியாத் கதையை எங்கள் வீட்டில் கல் நெற்றியில் படுகிற இடத்தோடு நிறுத்தினோம். தலையை வெட்டுகிற 51-ஆம் வசனம் பின்னால் வந்தது. ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போகிற கதையை நாலு வயதுக்கு நான் வாசிக்க மாட்டேன். அந்தப் பிள்ளை அன்று ராத்திரி அப்பாவைப் பார்க்கிற பார்வையை யோசித்துப் பாருங்கள். நியாயாதிபதிகளின் கடைசி அதிகாரங்கள் பெரியவர்களுக்கே கனமானவை.

நோவா கதையைப் பொம்மைக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். கப்பல், ஒட்டகச்சிவிங்கி, வானவில். என் மகன், 'கப்பல்ல ஏறாத நாய்க்குட்டியெல்லாம்?' என்று கேட்டான். செத்துப் போச்சு என்று உண்மையைச் சொன்னேன். கண் கலங்கிவிட்டான். ஆதியாகமம் 6-ஐத் திருப்பி, மனுஷர் செய்ததைப் பார்த்தபோது அது கர்த்தருடைய இருதயத்துக்கு விசனமாயிருந்தது என்ற வரியைக் காட்டினேன். 'சாமிக்கும் அழுகை வந்துச்சா?' என்றான். வந்துச்சு கண்ணு என்றேன். அன்றைக்கு வேறு ஒன்றும் வாசிக்கவில்லை.

சிலுவையைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். ஆணியையும் இரத்தத்தையும் விஸ்தாரமாக்க வேண்டாம். பெரிய வெள்ளிக்கிழமையில் வாசித்தால் உயிர்த்தெழுந்ததையும் சொல்லிவிட்டே படுக்க வையுங்கள். ஞாயிறு வரைக்கும் காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

வீட்டில எல்லாரும் கிறிஸ்தவங்க இல்லீங்க. மாமியார் சாமி கும்பிடறாங்க. சண்டை வருமோன்னு பயமா இருக்குது.

தீமோத்தேயுவின் வீடும் கலப்பு வீடுதான். அவன் தாய் விசுவாசமுள்ள யூத ஸ்திரீ, தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது. பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும்தான் பிள்ளையை வளர்த்தார்கள். வீட்டில் பாதிப் பேர் சேராததால் ஒன்றும் நடக்காது என்று நினைக்க வேண்டாம்.

முதலில் வீட்டுக்காரரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். ஒளித்து வைத்து வாசிப்பது பிள்ளைக்குத் தப்பான பாடம். மாமியார் விளக்கு வைக்கிற நேரத்தில் போட்டிக்கு உட்கார வேண்டாம். பிள்ளை முன்னால் அவர்கள் வழிபாட்டைக் குறைவாக ஒரு சொல்லும் பேச வேண்டாம். 'அப்பத்தா ஏன் கோயிலுக்குப் போறாங்க?' என்று பிள்ளை கேட்டால், அப்பத்தா அப்படித்தான் கும்பிடறாங்க, நாம இயேசுவைக் கும்பிடறோம், அப்பத்தாவுக்கு உம்மேல கொள்ளைப் பிரியம் என்று சொன்னால் போதும். அந்த மூன்றும் உண்மை. மாமியாரைக் கதை கேட்கக் கூப்பிடுங்கள். யோசேப்பை அண்ணன்மார் குழியில் தள்ளிய கதைக்குக் கண்ணீர் விடாத அப்பத்தாவை நான் பார்த்ததில்லை. அவர் கேட்டுவிட்டுத் தன் கோயிலுக்குப் போனால் போகட்டும்.

நாங்க கத்தோலிக்கருங்க. தினமும் செபமாலை சொல்றோம். தனியா விவிலியம் வாசிக்கணுமா?

செபமாலையோடு சேர்த்தே வாசிக்கலாம். செபமாலையில் தியானிக்கிற மகிழ்ச்சி மறையுண்மைகள் ஐந்தும் லூக்கா முதல் இரண்டு அதிகாரங்களில் இருக்கின்றன: வானதூதர் மங்கள வார்த்தை சொன்னது, எலிசபெத்தைச் சந்தித்தது, பிறப்பு, கோவிலில் காணிக்கையாகக் கொடுத்தது, காணாமல் போய்க் கண்டடைந்தது. மாலையில் பத்துப் பத்தாக வருகிற மணிகளைச் சொல்லத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்திலிருந்து இரண்டு வசனம் வாசியுங்கள். கருமத்தம்பட்டித் திருவிழாவுக்குப் போகிற அக்டோபர் மாதத்தில் தொடங்கினால் பிள்ளைகள் உற்சாகமாக வருவார்கள். ஐம்பத்து மூன்று மணியும் சின்னதுக்கு நீளம். மாலையில் பத்தே பத்து மணிகள் போதும்.

மனப்பாட வசனத்துக்குப் பரிசு கொடுக்கலாமுங்களா?

மே மாத வி.பி.எஸ்.ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளியில்) கொடுப்பது ஒரு திருவிழாச் சந்தோஷம், அது இருக்கட்டும். வீட்டில் தினமும் சாக்லேட் வேண்டாம். மனப்பாடம் தானாக வரும். ஒரே வசனத்தை ஒரு வாரம் தூங்கும் முன் சொல்லிப் பாருங்கள். சின்னதாக எடுங்கள், யோவான் 11:35 வெறும் மூன்று சொல், 'இயேசு கண்ணீர் விட்டார்'. எங்கள் மகன் முதலில் படித்த வசனம் அதுதான். விழுந்து முழங்கால் சிராய்த்தபோது அழுதுகொண்டே அதைச் சொன்னான்.

மொபைல்ல வாசிக்கலாமா?

பயணத்தில் வாசிக்கலாம். வீட்டில் புத்தகம். வசனத்துக்கு நடுவே வாட்ஸ்அப் மணி அடித்தால் பிள்ளை உங்கள் கண்ணைத்தான் பார்க்கும்.

பத்து நாள் விட்டுப் போச்சுங்க. மறுபடி ஆரம்பிக்கவே கூச்சமா இருக்குது.

விட்ட பத்து நாளைச் சேர்த்து வாசிக்க முயற்சி செய்யாதீர்கள். விட்ட இடத்திலிருந்து நாலு வசனம். காய்ச்சல், நோம்பி, ஊர்க் கல்யாணம், பரீட்சை எல்லாம் வரத்தான் செய்யும். எங்கள் வீட்டில் வருடத்துக்கு நூறு நாளாவது விட்டுப்போகிறது. மிச்ச நாள் வாசித்திருக்கிறோம்.

இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிக்கணும். ஒண்ணு சொல்லுங்க.

மாற்கு 4, 35-ஆம் வசனத்திலிருந்து 41 வரை. ஏழே வசனம். வாசிக்கும் முன் பிள்ளையைத் தலையணை எடுத்துவரச் சொல்லுங்கள். இயேசு படகில் தலையணை வைத்துத் தூங்குகிறார், அதை மாற்கு எழுதியிருக்கிறார். பாயைப் படகாக்கி எல்லோரும் ஏறுங்கள், அப்பாவும்தான். காற்று வருகிற இடத்தில் பிள்ளைகள் ஊதட்டும், பாயை ஆட்டட்டும், எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போடட்டும். 39-ஆம் வசனத்தில் 'இரையாதே, அமைதலாயிரு' என்று வரும். அதை மெதுவாக வாசியுங்கள். ஒரு நிமிடம் யாரும் பேச வேண்டாம், ஃபேன் சத்தம் கேட்கும் அளவுக்கு. மீதி இரண்டு வசனத்தை வாசித்துவிட்டு லைட்டை அணைத்து விடுங்கள்.